தொட்டி நிரம்பும் நேரம்

குழாயைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் மாட்டுகிறார். வால்வைத் திறந்து, தலையைச் சாய்த்து ஓசையைக் கேட்கிறார். எல்லாம் சரி என்று பட்டதும், அளந்து வைத்தாற்போல இருபத்தைந்து அடி பின்னால் நடந்து வேலிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறார். வலது கையுறையைப் பல்லால் கடித்து உருவுகிறார். கைபேசி வெளியே வருகிறது. கண் குழாயின் மேல், ஆட்காட்டி விரல் எழுத்தின் மேல். லைல் ஒப்டால் நாட்டைத் திருத்த ஆரம்பித்துவிட்டார்.

இருபத்தைந்து அடி என்பது, வீடுகளைச் சூடாக்கும் எரிவாயுவை லாரியில் கொண்டுபோய்த் தொட்டிகளில் நிரப்பும் எங்கள் கூட்டுறவு நிலையத்தின் விதி. எரிவாயுத் தொட்டிக்குப் பக்கத்தில் கைபேசி கூடாது. ஆனால் எரிவாயு ஏறும்போது ஓட்டுநர் குழாயைப் பார்த்துக்கொண்டே நிற்கவும் வேண்டும். விதியை எழுதியவர்கள், அந்த இடைவெளியில் ஒரு மனிதர் நின்று அதிபர் தேர்தலையே நடத்துவார் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

எங்கள் ஊர் ஸ்டென்விக்குக்கு இணையத்தில் சொந்தமாக ஒரு பக்கம் உண்டு. காணாமல் போன நாய், சனிக்கிழமை மீன் விருந்து, பனி வாரும் வண்டி வரும் நேரம் இதற்கெல்லாம் வைத்தது. போன வருஷம் அந்த அதிபர் வேட்பாளர் வந்தார். எல்லையை மூடுவேன், உள்ளே இருக்கிறவர்களைத் திருப்பி அனுப்புவேன் என்றார். அதன் பிறகு காணாமல் போன நாயைத் தேடிக்கூட யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை. பக்கத்தைப் பராமரிப்பது நான். நிலையத்தில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து ஓட்டுநர்களின் சீட்டுகளை வாங்கிப் பதிவதும் நான்தான். ஆகவே லைலை இரண்டு பக்கத்திலிருந்தும் எனக்குத் தெரியும்.

அவருடைய வாதத்தின் நீளம் தொட்டியின் அளவைப் பொறுத்தது. வீட்டுத் தொட்டி என்றால் ஐந்நூறு கேலன், நாலு வரி. வான்கோழிப் பண்ணை என்றால் ஆயிரம் கேலன் தொட்டிகள் மூன்று வரிசையாக இருக்கும். அன்று ஒரு கட்டுரையே வரும். தொட்டியை எண்பது விழுக்காட்டுக்கு மேல் நிரப்பக் கூடாது, வெயிலில் விரிய இடம் வேண்டும். எண்பதைத் தொட்டதும் அளவு துவாரத்திலிருந்து வாயு வெண்மையாகச் சீறும். லைல் போட்டது போட்டபடி ஓடிவிடுவார். வாதம் பாதியில் நிற்கும். அதற்கு முன்பே யாராவது குறுக்கே வந்தால், "இருங்க, இன்னும் தொட்டி நிரம்பல" என்று எழுதுவார். ஊரில் இப்போது சமையலறைச் சண்டைகளில்கூட இந்த வாக்கியம் புழங்குகிறது.

வயது அறுபத்து மூன்று. தலையில் விதைக் கம்பெனித் தொப்பி, ஒரு கன்னத்தில் அடக்கிய சூரியகாந்தி விதை, சட்டைப் பையில் நாய் பிஸ்கட். வழியிலுள்ள எல்லா நாய்க்கும் பெயர் தெரிந்தாலும் "தலைவரே" என்றுதான் கூப்பிடுவார். அவருடைய அகராதியில் மிக உயர்ந்த பாராட்டு "மோசமில்ல." மகள் கல்யாணத்தன்று மகளைப் பார்த்து அதைத்தான் சொன்னார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. லாரியில் கட்சி அட்டை ஒட்ட நிலையம் விடாது. வீட்டு முற்றத்தில் அந்த வேட்பாளரின் பெயரோடு ஒரு பலகை நட்டிருக்கிறார். மனைவி கார்லா அதற்கு முன்னால் பெரிய பூசணிக்காய்கள் இரண்டை வைத்திருக்கிறார். பலகை பாதி தெரியாது. கேட்டால் "காய்க்கு அங்கதான் வெயில் படுது" என்பார்.

எரிவாயு ஓட்டுநர் வீட்டின் பின்பக்கத்தைப் பார்க்கிறவர். தொட்டி அங்கேதான் இருக்கும், துணிக்கொடியும் அங்கேதான். யார் வீட்டில் கணவன் வண்டி மூன்று வாரமாக இல்லை, யார் குப்பைத் தொட்டியில் பாட்டில் கூடுகிறது, எல்லாம் தெரியும். லைல் வாயைத் திறக்க மாட்டார். கார்லாவுக்கே அது குறை. "ஊருக்கெல்லாம் பின்வாசல் வழியா போறாரு, ஒரு வம்புகூட வீட்டுக்குக் கொண்டார மாட்டாரு" என்று என்னிடம் புலம்பியிருக்கிறார்.

இணையப் பக்கத்தில் அவருக்கு எதிரி ஒருவர்தான். மார்லிஸ் கீசன், எழுபத்திரண்டு வயது, பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் சமைத்து ஓய்வு பெற்றவர். லைல் பள்ளியில் படித்த காலத்தில் அவர் தட்டில் உருளைக்கிழங்கு போட்டதும் மார்லிஸ்தான். அதனால் மார்லிஸுக்கு இன்றுவரை லைல் "டா." லைலுக்கு மார்லிஸ் "நீங்க." எவ்வளவு கடுமையாகச் சண்டை போட்டாலும் இந்த மரியாதை மாறாது.

"தொண்ணூத்தி நாலுல நான் ஆலையில வான்கோழி வெட்டற வரிசையில நின்னேன்" என்று லைல் எழுதுவார். "மணிக்குப் பத்தரை டாலர். மறுவருஷம் பஸ்ஸுல ஆளைக் கொண்டாந்து இறக்கினான். இனிமே ஏழே கால்தான்னான். நான் வெளிய வந்தேன். முப்பது வருஷம் கழிச்சு இந்த வேட்பாளர் ஒருத்தர்தான் இதை வாய்விட்டுச் சொல்றார்."

"ஏழே கால்னு சொன்னது யாரு, பஸ்ஸுல வந்தவனா, பஸ்ஸை அனுப்பினவனா?" என்று மார்லிஸ் கேட்பார். "முதலாளியைக் கேக்க பயம். அதான் வரிசையில நிக்கறவன் மேல பாயறே. இன்னிக்கு இவ்வளவு நீளமா எழுதறியே, வான்கோழிப் பண்ணையிலயா இருக்கே?"

"ஆமா. முதலாளி மேலயும் கோபந்தான். இருங்க, இன்னும் தொட்டி நிரம்பல."

இந்தச் சண்டையை ஊரில் பாதிப் பேர் காப்பியோடு படிப்பார்கள். நானும்தான். வெட்டி நீக்க வேண்டிய பொறுப்பு எனக்கு இருந்தாலும், இந்த இருவரை மட்டும் வெட்ட மனசு வந்ததில்லை.

போன நவம்பரில் ஒரு சீட்டு வந்தது. ஒரு வீட்டில் செலவு திடீரென்று கூடினால் எங்கள் கணினி தானாகக் கேள்வி கேட்டு அச்சடிக்கும்: "பயன்பாடு அதிகம். கசிவா? காரணம் எழுதவும்." ஓட்டுநர் பதில் எழுதித் தர வேண்டும். மார்லிஸ் வீட்டில் முந்தைய வருஷத்தைப்போல இரண்டு மடங்கு எரிந்திருந்தது. லைல் பென்சிலால் எழுதினார்: "பழைய ஜன்னல். காத்து புகுது." ஜனவரியில் அதே கேள்வி, அதே பதில். பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அப்படியே. ஏப்ரலில் மார்லிஸ் வீடு முழுக்கப் புது ஜன்னல் போட்டு, இணையப் பக்கத்தில் படமும் போட்டார். லைல் அதன் கீழே "மோசமில்ல" என்று எழுதினார். ஜூனில் மறுபடியும் சீட்டு வந்தது. "பழைய ஜன்னல். காத்து புகுது."

ஜூன் மாதத்தில், புது ஜன்னல் வழியாக, என்ன காற்று புகுந்துவிடும்? நான் கேட்கவில்லை. கோப்பில் போட்டு மூடினேன். இந்த ஊரில் கேட்காமல் இருப்பதும் ஒரு வேலைதான்.

மார்லிஸ் வீட்டு மாடியில் எல்மர் என்ற பையனும் அவன் மனைவி ஒடிலியாவும் இருந்தார்கள். குவாத்தமாலாக்காரர்கள். அவன் ஆலையில் துப்புரவு வேலை பார்த்தான். நாட்டில் தங்க விடுவார்களா என்ற வழக்கு நீதிமன்றத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. குளிர்காலத்தில் அங்கேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது. எல்மர் என்ற பெயரைக் கேட்டு ஆச்சரியப்பட வேண்டாம். அவர்கள் ஊரில் அது சாதாரணப் பெயராம். எங்கள் தேவாலயக் கல்லறையிலும் ஆறு எல்மர்கள் இருக்கிறார்கள். லைலின் அப்பாவும் எல்மர்தான்.

இது மார்லிஸுக்குத் தெரியும், கொடியில் காய்ந்த சின்னச் சட்டைகளைப் பார்த்த லைலுக்குத் தெரியும், சீட்டில் ஜன்னல் பதிலைப் படித்த எனக்குப் பாதி தெரியும். பதினோரு மாதம். அந்தப் பதினோரு மாதமும் லைல், இப்படிப்பட்டவர்களை எல்லாம் அனுப்பிவிட வேண்டும் என்று வாரத்துக்கு நாலு நாள் எழுதிக்கொண்டிருந்தார். இரண்டையும் எப்படிச் சேர்த்து வைத்திருந்தார் என்று என்னைக் கேட்காதீர்கள். மனிதர்கள் சேர்த்து வைத்துக்கொள்கிறார்கள்.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை லைல் வான்கோழிப் பண்ணையில் இருந்தார். மூன்று தொட்டி, ஆகவே நிறைய நேரம். வாதம் சூடாக நடந்தது. மார்லிஸ் இப்படி எழுதினார்: "ஏண்டா லைல், உனக்கு அந்த ஆள் மேல பிரியமும் இல்ல, இவங்க மேல கோபமும் இல்ல. தொட்டி நிரம்பற வரைக்கும் உனக்குப் பொழுது போகணும். அவ்வளவுதான் உன் அரசியல்."

பதினெட்டுப் பேர் அதற்குச் சிரிப்புக் குறி போட்டார்கள். முட்டாள் என்றிருந்தால் லைல் தாங்கியிருப்பார். மனசில் இல்லாததைப் பேசுகிறவன் என்று சொன்னதும் அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

"பொழுதுபோக்கா?" என்று எழுதினார். "தனியா இருக்கற ஒரு அம்மா வீட்டுல போன வருஷத்துக்கு ரெண்டு மடங்கு கேஸ் எரியுது. மாடியில யாருன்னு நான் இதுவரைக்கும் கேக்கல. கேக்கட்டுமா?"

எழுதி அனுப்பினார். கடைசித் தொட்டி சீறியது. ஓடிப் போய் மூடினார், குழாயைச் சுற்றினார், சீட்டைக் கிழித்துக் கதவில் செருகினார், லாரியை எடுத்தார். அடுத்த பண்ணை ஏரிக்கு அப்பால் பள்ளத்தில் இருக்கிறது. அங்கே கைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்காது. தான் என்ன செய்தோம் என்று பாதி வழியில்தான் அவருக்கு உறைத்திருக்கிறது. லாரியைத் திருப்பிக்கொண்டு மேட்டுக்கு வந்திருக்கிறார். அதற்குள் நாற்பது நிமிஷம். நான் அன்று பல் மருத்துவரிடம் வாயைத் திறந்துகொண்டு கிடந்தேன். வெளியே வந்து பார்த்தேன், அழித்தேன். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம்.

சாயங்காலம் லைல் நிலையத்துக்கு வந்து, வாசலில் அடுக்கியிருந்த உப்பு மூட்டைகளின் மேல் உட்கார்ந்தார்.

"அழிக்கலாம்னு பார்த்தேன். காணோம்."

"நான் அழிச்சிட்டேன்."

"எத்தனை பேர் பார்த்தாங்க?"

"எழுபத்தாறு."

தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார். எனக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது. "பதினோரு மாசம் ஜன்னல், ஜன்னல்னு எழுதினீங்களே லைல், இன்னும் ஒரு நாள் வாயைக் கட்ட முடியலையா?" என்று கேட்டேன். சீட்டுகளை நான் படித்திருக்கிறேன் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. தொப்பியைப் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

அன்று இருட்டுவதற்கு முன்பே எல்மரும் ஒடிலியாவும் குழந்தையோடு கிளம்பிவிட்டார்கள். எழுபது மைல் தள்ளி ஒரு சொந்தக்காரர் வீடு. தொட்டிலைக் கார் கூரைமேல் கட்டிக்கொண்டு போனதைத் தெருவே பார்த்தது. மார்லிஸ் வீட்டுக் கதவை எந்த அதிகாரியும் வந்து தட்டவில்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை. ஆனால் தட்டமாட்டார்கள் என்று யார் அவர்களுக்குச் சொல்ல முடியும்?

மறுநாள் மார்லிஸ் எனக்குப் போன் செய்தார். "இனிமே அந்த வண்டி என் வாசலுக்கு வரக் கூடாது" என்றார். தொட்டி நிலையத்துடையது, வேறு கம்பெனிக்காரர் அதில் கை வைக்கக் கூடாது என்று எடுத்துச் சொன்னேன். "தெரியும். அப்ப குளிர்ல உக்காந்துக்கறேன்" என்று வைத்துவிட்டார். இணையப் பக்கத்திலும் அதன் பிறகு எழுதவில்லை.

லைல் எழுதினார். வேட்பாளரைப் பற்றி, எல்லையைப் பற்றி. நாலு வரி, பிறகு மூன்று. எதிர்த்துப் பேச ஆள் இல்லை. அவர் பக்கத்து ஆட்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். அது அவருக்குப் பிடிக்கவில்லை என்பது அவர் பதில் சொல்லாததிலேயே தெரிந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை உணவகத்தில் பக்கத்து ஊர் விதை வியாபாரி ஒருவர் அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாராம். "நல்ல காரியம் பண்ணினே லைல். உன் வழியில வேற எந்தெந்த வீட்டுல கேஸ் அதிகமா எரியுது? ஒரு பட்டியல் போட்டு வெச்சுக்க. நம்ம ஆள் பதவிக்கு வந்தா தேவைப்படும்" என்றாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று லைலைக் கேட்டேன்.

"ஜன்னல் பழசா இருக்கும்னேன்."

ஆப்பிள் பை பாதியில் இருக்க எழுந்து வந்துவிட்டதாகச் சொன்னார். லைல் தட்டில் மிச்சம் வைத்ததை நான் கேள்விப்பட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை என் வீட்டு வாசலில் நின்றார், கையில் கார்லா செய்த பூசணிக் கேக் டப்பாவோடு. "நீ கூட வந்தா கதவைத் திறப்பாங்க" என்றார். போனேன்.

மார்லிஸ் திறந்தார். வீட்டுக்குள்ளேயே மேல்கோட்டு போட்டிருந்தார். உள்ளே வெளியைவிடக் குளிர்.

"உக்காரச் சொல்ல மாட்டேன்" என்றார்.

"பரவாயில்ல" என்றார் லைல். டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். "தொட்டியில முள்ளு இருபத்தொண்ணு காட்டுது."

"எனக்கும் கண்ணு இருக்கு."

பிறகு லைல், "நான் எழுதினது தப்பு" என்றார். பத்தொன்பது வருஷமாக அவரோடு வேலை பார்க்கிறேன். அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

"எதுடா தப்பு? அந்த ஆளுக்கு ஓட்டுப் போடறேங்கறியே, அதுவா?"

"அது வேற. அதை நம்ம இணையப் பக்கத்துல பேசிக்கலாம். இது உங்க பின்வாசல். அங்க பார்த்ததைக் கொண்டுபோய்த் தெருவுல வெச்சேன். அது தப்பு."

மார்லிஸ் அவரையே பார்த்தார். "தொட்டிலைக் கட்டும்போது அந்தப் பொண்ணுக்குக் கையே ஓடல. முடிச்சு நிக்கல. நான்தான் கட்டினேன். அதை நெனச்சுக்கிட்டுத் தூங்கு."

லைல் தலையை ஆட்டினார். "வழியை வேற ஆளுக்கு மாத்திக் குடுத்துடறேன். இனிமே புது டிரைவர் வருவான். நீங்க என் மூஞ்சியைப் பார்க்க வேண்டாம்."

"புது ஆளா?" என்றார் மார்லிஸ். "மாடியில இருந்தவங்க என்னிக்கும் அங்கயே இருக்க முடியாது. அந்தப் பையனுக்கு வேலை இங்க. தினம் எழுபது மைல் போயிட்டு வரான். புதுசா ஒருத்தன் வந்தா எல்லாத்தையும் புதுசா பார்ப்பான். நீயே வந்து தொலை. நீ ஏற்கெனவே பார்த்தவன்." சற்று நிறுத்தி, "போனை வண்டியில வெச்சுட்டு வா" என்றார். அப்புறம்தான் கையை நீட்டி டப்பாவை வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார்.

இன்று திங்கட்கிழமை. தேர்தலுக்கு இன்னும் எட்டு நாள். தொட்டில் சென்ற வாரம் போன வழியே திரும்பி வந்துவிட்டது. ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் எழுதவில்லை.

காலையில் லைல் மார்லிஸ் வீட்டுக்குப் போனார். குழாயை மாட்டினார், இருபத்தைந்து அடி நடந்தார், வேலிக்குப் பக்கத்தில் நின்றார். கைபேசி லாரியில். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதலில் கட்டிக்கொண்டு, பிறகு பைக்குள் விட்டுக்கொண்டு, துணிக்கொடிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாராம். இதை எனக்குச் சொன்னது மார்லிஸ், அதுவும் இணையப் பக்கத்தில். ஆறு வாரத்துக்குப் பிறகு அவர் எழுதிய முதல் பதிவு இப்படித் தொடங்கியது: "இந்த நிமிஷம் லைல் என் வீட்டுப் பின்னாடி நிக்கறான். கையில போன் இல்ல. அதனால குறுக்க பேச ஆள் இல்லாம, அவனோட ஆளைப் பத்தி இன்னிக்கு முழுசா சொல்லப் போறேன்." தொடர்ந்து பதினோரு பத்தி. ஒரு பத்தியில்கூட இரக்கம் இல்லை.

மத்தியானம் லைல் சீட்டுகளைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டுவிட்டு, உப்பு மூட்டைமேல் உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பதினோரு பத்தியையும் படித்தார். விரலால் தள்ளித் தள்ளி, நிதானமாக.

"எங்க அப்பனையும் விட்டு வெக்கல" என்றார். "ஐந்நூறு கேலன்தானே, அதுக்குள்ள எப்படி இவ்வளவு எழுதினாங்க?"

"பதில் எழுதப் போறீங்களா?"

"நாளைக்கு வான்கோழிப் பண்ணை." கண்ணாடியைக் கழற்றினார். "மோசமில்ல."

நான் அவர் சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கணினியில் பதிந்தேன். கீசன் வீட்டு அளவைப் பதிந்ததும் அது வழக்கம்போல இரண்டு நொடி யோசித்தது. பக்கத்து மேசையில் அச்சுப்பொறி கரகரத்தது. பயன்பாடு அதிகம், கசிவா, காரணம் எழுதவும்.

நான் அதை எடுத்துப் படிப்பதற்கு முன்பே லைல் எழுந்து வந்து கையை நீட்டினார். காதுக்கு மேல் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். நுனியை நாக்கில் தொட்டுக்கொண்டு, "பழைய ஜன்னல். காத்து புகுது" என்று பெரிய எழுத்தில் எழுதி, அதன் அடியில் ஒரு கோடு போட்டு, என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.